இரண்டாவது கிராபிக்ஸ் கார்டில் மாட்டிய மானிட்டர் மட்டும் வரவில்லை, அவசரம்

மூன்றுதிரை: இரண்டு கார்டு, மூன்று மானிட்டர். பழைய கார்டுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டால் அது வருகிறது, புதிய கார்டு போய்விடுகிறது. புதியதற்குப் போட்டால் பழையது போகிறது. நேற்றிலிருந்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாளைக்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும், உதவுங்கள்.

கம்பிவடம்: என்ன கார்டுகள்? எந்த விண்டோஸ்? என்ன ப்ராசசர்? மானிட்டர்களில் என்ன போர்ட்?

நள்ளிரவுக்காரன்: எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, எத்தனை வாட்? இரண்டு கார்டுக்கும் மின்சாரம் போதாவிட்டால் இப்படித்தான் ஒன்று படுத்துவிடும். முதலில் அதை மாற்றுங்கள்.

சிவப்புச்சில்லு: இரண்டு கார்டும் ஒரே மாடலாக இருந்தால்தான் சேர்ந்து ஓடும்.

கம்பிவடம்: அது எஸ்எல்ஐ நண்பரே, இரண்டு கார்டும் சேர்ந்து ஒரே கேமை ஓட்டுவதற்கு. தனித்தனி மானிட்டர் காட்ட மாடல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மூத்தபயாஸ்: இதற்கு இங்கே பல முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். இரண்டாவது கார்டே தேவையில்லை. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதை, அதாவது ப்ராசசரிலேயே உள்ள கிராபிக்ஸை, இயக்கிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் மாட்டுங்கள். அடிப்படை விஷயம்.

மூன்றுதிரை: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். புதிய கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, பழையது ஜிடி 710, இரண்டும் என்விடியா. ப்ராசசர் ஐ5 12400எஃப், விண்டோஸ் 11. மூன்றாவது மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை போர்ட் மட்டும்தான் இருக்கிறது. அதற்காகத்தான் 710.

கம்பிவடம்: எஃப் என்று முடியும் ப்ராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. பயாஸில் எதை இயக்கினாலும் மதர்போர்டு போர்ட்டில் படம் வராது. மின்சாரமும் காரணமில்லை, 710 எடுப்பதே 19 வாட்தான்.

நள்ளிரவுக்காரன்: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060-உம் 710-உம் சேர்ந்து நன்றாக ஓடுகின்றன. அதனால் கார்டு ஜோடியில் தவறில்லை, எஸ்எம்பிஎஸ்தான் என்று இன்னமும் சொல்கிறேன்.

பச்சைத்தடம்: உங்களிடம் ஓடுவதற்கும் இவரிடம் ஓடாததற்கும் ஒரே காரணம்தான். ஜிடி 710 கெப்ளர் என்ற பழைய என்விடியா சில்லுத் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470. 3060 வந்தது 2021 தொடக்கத்தில், அதையும் 470 அறியும், அதனால் ஒரே டிரைவர் இரண்டுக்கும் போதும். 4060 வந்ததோ 2023-இல். அதற்கு வேண்டிய டிரைவரில் கெப்ளர் இல்லை, 470-இல் 4060 இல்லை. விண்டோஸில் என்விடியா டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு பதிப்புதான் வேலை செய்யும். எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இந்த ஜோடி சேராது.

சிவப்புச்சில்லு: அப்படியென்றால் 710-க்குப் பதிலாக விஜிஏ உள்ள ஒரு ரேடியான் (ஏஎம்டி கார்டு) போடலாமே. டிரைவர் வேறு வேறுதானே?

மூத்தபயாஸ்: என்விடியாவையும் ஏஎம்டியையும் கலக்கவே கூடாது. விண்டோஸ் அனுமதிக்காது.

பச்சைத்தடம்: அது விஸ்டாவில் இருந்த கட்டுப்பாடு. எல்லா கார்டும் ஒரே டிரைவரில் இருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. 2009-இல் விண்டோஸ் 7 வந்ததுமே அது நீங்கிவிட்டது.

மூத்தபயாஸ்: நான் எக்ஸ்பி காலத்திலிருந்து கணினி பூட்டுகிறேன்.

பச்சைத்தடம்: எக்ஸ்பியிலும் கலந்து போடலாம். தவறான தகவலை நம்பி ஒருவர் நல்ல கார்டைக் கழற்றிவிடக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கம்பிவடம்: விவாதம் இருக்கட்டும். மூன்றுதிரை, 4060 ஒரே நேரத்தில் நான்கு மானிட்டர் வரை காட்டும். அதில் விஜிஏ சிக்னல் வராது, அதனால் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். உள்ளே சில்லு உள்ளதாக இருக்க வேண்டும், வெறும் கேபிள் ஆகாது. அப்புறம் 710-ஐக் கழற்றிவிட்டு டிரைவரைச் சுத்தமாக நீக்கி, 4060-க்கு மட்டும் புதிதாகப் போடுங்கள்.

நள்ளிரவுக்காரன்: சரி, 470 விஷயம் எனக்குத் தெரியாது. என் டிரைவரைப் பார்த்தேன், 472 என்று இருக்கிறது, அதே 470 வரிசைதான். இனி புதுப்பிக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

மூன்றுதிரை: கன்வெர்ட்டர் மாட்டினேன். மூன்றும் வருகின்றன. நன்றி, வேலைக்குப் போகிறேன்.

சிவப்புச்சில்லு: விஜிஏ மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? என்ன ரெசல்யூஷன் வைத்திருக்கிறீர்கள்?