புதுப்பிப்பு: எலும்புக் குழியில் ஊசி சிமெண்ட், விட்டுப்போன விவரங்கள்

முழங்கால் மூட்டுக்குக் கீழே அமுங்கிய எலும்பை நிமிர்த்தியபின் மிஞ்சும் குழியை, பொடியும் திரவமும் கலந்து ஊசியால் செலுத்தினால் உள்ளேயே இறுகும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டால் நிரப்புவதை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். "ஒட்டவைத்தால் போதாதா, பிளேட் எதற்கு?" என்ற கேள்விக்கு முதலில் பதில்: இது பசை அல்ல. அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையிலும் வெட்டுவிசையிலும் (பக்கவாட்டில் நழுவச்செய்யும் விசை) உடையும். எலும்பைப் பிடித்துவைக்கப் பிளேட்டும் ஸ்க்ரூவும் கட்டாயம்.

துளையிடும் வேலையைச் சிமெண்டுக்கு முன்பே முடியுங்கள். துளையிட ஏற்றதென்று குறிப்பிடாத சிமெண்ட் வகை, இறுகியபின் ட்ரில் பட்டால் விரிசல் விடும்.

அதிகம் சொதப்புவது ரத்தம்தான். குழியைக் கழுவி உறிஞ்சி உலர்த்தாவிட்டால் கலவை கரைந்து சிதறும். ஊசி முனையை அடியில் வைத்து, நிரம்ப நிரம்பப் பின்னால் இழுங்கள். சிரிஞ்ச் இறுகினால் பலம்போட்டு அழுத்தாதீர்கள். திரவம் மட்டும் வெளியேறி, பொடி உள்ளே தங்கிவிடும். இளக்கத்துக்காகக் கூடுதல் திரவம் ஊற்றுவது அதைவிட மோசம்: நுண்துளைகள் பெருகி வலு குறையும். இறுகும்வரை காலை அசைக்கக் கூடாது. மூட்டுப் பரப்பில் விரிசல் திறந்திருந்தால் சிமெண்ட் மூட்டுக்குள் கசியும். நிரப்பும்போதே எக்ஸ்ரேயில் கவனியுங்கள்.

இடுப்பெலும்பு கிராஃப்டில் (நோயாளியின் இடுப்பிலிருந்தே எடுத்து வைக்கும் எலும்பு) உயிரணுக்கள் உண்டு, சிமெண்டில் இல்லை. எலும்பு சேராத முறிவுக்குச் சிமெண்ட் மட்டும் போடுவது வீண். எடுத்த கிராஃப்டை உலரவிடாமல் ஈரத்துணியில் மூடி, சீக்கிரமே உரிய இடத்தில் வையுங்கள்.