திருமணமான ஆண் தேவபக்தியாய் வாழ்வது: எங்கே தொடங்குவது?

கேள்வி:
ஸ்தோத்திரம் பிரதர். தேவபக்தியுள்ள கணவனாக, தகப்பனாக வாழ அன்றாடம் எதைச் செய்ய வேண்டும்? வேதத்தை முழுதாய் வாசிக்கத் தொடங்கும் பலர் லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறார்களே, ஏன்?

பதில் 1:
கணக்குப் பாருங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 அதிகாரம். நாளுக்கு 3 வீதம் போனால் 31-ஆம் நாள் அடுத்த புத்தகமான லேவியராகமத்தின் பலிமுறைகள் வந்துவிடும். சோர்வு அங்கேதான். அதனால் புதிய ஏற்பாட்டில் தொடங்குங்கள், அதில் 260 அதிகாரம். வாரம் 5 நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். விட்டுப்போனதைப் பிடிக்கச் சனி, ஞாயிறு இருக்கும். முதல் வருஷத்துக்கு இதுவே போதும்.

பதில் 2:
வாசிப்பைவிட அவசரமானது ஒன்று உண்டு. 1 பேதுரு 3:7 மனைவியைக் கனப்படுத்தச் சொல்கிறது. காரணம், ஜெபத்துக்குத் தடை வரக்கூடாது. சண்டை போட்டுவிட்டு முழங்காலில் நிற்பதில் பயனில்லை. மத்தேயு 5:24-இன் வரிசை தெளிவு: முதலில் ஒப்புரவாகுதல், பிறகு காணிக்கை. "நான் பேசினது தப்பு" என்று நேராகச் சொல்லுங்கள், "ஆனால் நீயும்..." என்று இழுத்தால் அது மன்னிப்பு ஆகாது. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் 5:22-ஐ மட்டும் மனைவிக்குச் சொல்லிக்காட்டும் ஆண்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஐயும் மனைவியில் அன்புகூரச் சொல்லும் 25-ஐயும் தாண்டிப் போகிறார்கள். மிகவும் வருத்தமான விஷயம் இது.

பதில் 3:
குடும்ப ஜெபம் 15 நிமிஷம் தாண்ட வேண்டாம். ஒரு பாட்டு, பத்துப் பன்னிரண்டு வசனம், ஆளுக்கொரு சின்ன ஜெபம். 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனத்தையும் ஒரே இரவில் வாசித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். எட்டெட்டு வசனமாய் 22 நாளைக்குப் பிரியுங்கள். ஜெபத்துக்குள் பிள்ளையின் மார்க்கைக் கண்டிக்காதீர்கள், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 தடுப்பது அதைத்தான்.