ஆட்டத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுத்தால் என்ன?

கடைசிவரிசை:
கால்பந்து வீரர் வின்ஸ்டன் போகார்ட் கதை தெரியும்தானே? 2000இல் இங்கிலாந்து கிளப் செல்சியோடு நான்கு வருட ஒப்பந்தம். லீக்கில் ஆடியது மொத்தம் 9 ஆட்டம். சம்பளம் மட்டும் வாராவாரம் போய்க்கொண்டே இருந்தது. பாதியை நிலையாகக் கொடுத்துவிட்டு, மீதியை ஆட்டத்துக்கு ஏற்றபடி கொடுத்தால் என்ன தப்பு?

ஸ்டாப்பர்பேக்:
சரி, ஆட்டத்தை எப்படி அளப்பீர்கள்? கோலை வைத்தா? நானும் ஸ்டாப்பர் இடத்தில், அதாவது நம் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் இடத்தில், ஆடியவன்தான். நான் நன்றாக ஆடிய நாளில் பந்தே என் பக்கம் வராது. எதிரணியில் கோல் அடிக்க நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பாஸ் போகும் வழியில் இரண்டடி முன்னால் போய் நின்றால், பந்து வைத்திருப்பவன் வேறு பக்கம் திரும்பிவிடுவான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோல் அடிப்பதைவிடத் தடுப்பதையே வேலையாக வைத்திருந்த நடுக்கள வீரர் மக்கலேலேவைப் பாருங்கள். 2003இல் ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டில் ஊதிய உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை, செல்சிக்குப் போய்விட்டார். 2004-05இல் செல்சி சாம்பியன். 38 லீக் ஆட்டங்களில் எதிரணிகளிடம் வாங்கியது 15 கோல்தான். ரியலுக்கு அடுத்த லீக் பட்டம் கிடைத்தது 2007இல். அவர் போனது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கோல் கணக்குப் பார்த்தால் அந்த மனுஷனுக்குச் சில்லறைதான் மிஞ்சியிருக்கும்.

போகார்டையும் பாவம், விட்டுவிடுங்கள். அவர் வந்த சில வாரங்களிலேயே பயிற்சியாளர் வியாலியை நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்த ராணியேரிக்கு அவர் தேவைப்படவில்லை. களத்தில் இறக்காமல் உட்காரவைத்துவிட்டு, 'ஆடவில்லை, பாதிச் சம்பளம்தான்' என்றால் நியாயமா?

மழைநாள்ஆட்டம்:
நீங்கள் கேட்பது ஓரளவு ஏற்கெனவே நடக்கிறது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்று பல கிளப்புகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன. 2017இல் சண்டர்லேண்ட் கிளப் இறங்கியபோது அதன் வீரர் ஜாக் ராட்வெல் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அவருக்குச் சம்பளம் குறையவில்லை. எழுதாமல் விட்டது கிளப்.

கடைசிவரிசை:
அப்போ தனி ஆளுக்கு எதுவுமே கூடாதா? ஸ்ட்ரைக்கருக்காவது கோல் போனஸ்?

ஸ்டாப்பர்பேக்:
வையுங்கள், கொஞ்சமாக வையுங்கள். பெரிசாக வைத்தால், பக்கத்தில் ஆள் தனியாக நின்றாலும் பாஸ் கொடுக்காமல் முடியாத கோணத்திலிருந்து அடிப்பான். நான் கேட்பது அணி போனஸ். வென்றால் எல்லோருக்கும், பெஞ்சில் இருப்பவனுக்கும் சேர்த்து.

கடைசிவரிசை:
பெஞ்சில் இருப்பவனுக்குமா! அப்போ போகார்டுக்கு இன்னும் கூடுதலாகப் போயிருக்குமே.