பஞ்சுக் கண் மீன்கொத்தியும் கூல்ட் அம்மையாரின் தேன்சிட்டும்

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது எங்கள் ஆய்வகத்து இழுப்பறையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி இருந்தது. பாடம் செய்த பறவை, அதாவது தோலைப் பதப்படுத்தி உள்ளே பஞ்சு அடைத்தது. மல்லாந்து கிடக்கும்; காலில் நூல் கட்டி ஒரு சீட்டு; கண் இருந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். அலகு அழுக்குப் பழுப்பாக இருந்ததால் நானும் பழுப்பையே தீட்டினேன். அடுத்த வாரம் ஏரிக்கரை மின்கம்பியில் அதே பறவை உட்கார்ந்திருந்தது. அலகு பவளச் சிவப்பு! சைக்கிளை நிறுத்திவிட்டு அது பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதுகின் நீலம் மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அந்த நீலம் சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது, அதனால் லேசில் மங்காது என்று அப்புறம்தான் படித்தேன். அலகு, கால், கண், கண்ணைச் சுற்றிய தோல், இவற்றின் நிறம்தான் பறவை செத்ததும் போய்விடுகிறது.

அதிலிருந்து பழைய பறவைப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் எலிசபெத் கூல்ட் வரைந்தவை என்றால் இன்னும் கூடுதல் நேரம். 1830இல் இமயமலைப் பறவைகளின் தோல்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. அவருடைய கணவர் ஜான் கூல்ட் அங்கே விலங்கியல் கழகத்தில் பறவைகளைப் பாடம் செய்பவர். அந்தத் தோல்களை வைத்து எலிசபெத் நூறு பறவைகளை 80 கல்லச்சுப் படங்களாக (கல்லில் வரைந்து அச்செடுப்பவை) வரைந்தார். இமயமலையை அவர் பார்த்ததே இல்லை. சுருங்கிக் கிடந்த தோலை மனதிலேயே நிமிர்த்தி, கிளையில் உட்கார வைத்து, கண்ணுக்கு ஒளி கொடுத்திருக்கிறார். எவ்வளவு பெரிய வேலை!

அந்தப் பறவைகளில் ஒரு தேன்சிட்டுக்கு 1831இல் அவர் பெயரையே வைத்தார்கள். சில வருடங்களுக்கு முன், ஏப்ரலில், சிக்கிமில் பூத்திருந்த ரோடோடென்ட்ரான் மரத்தில் அதைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு உடம்பு, நீண்ட வால், ரத்தச் சிவப்பு முதுகு. தலையைத் திருப்பும்போதெல்லாம் உச்சியின் ஊதா கருத்து, மறுபடி மின்னியது. ஒரு நொடிகூட சும்மா இருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் துடிப்பை அவர் பார்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

1838இல் எலிசபெத் மூன்று சின்னப் பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அங்கேதான் அந்நாட்டுப் பறவைகளை அவற்றின் மண்ணிலேயே பார்த்து வரைய முடிந்தது. திரும்பி வந்த மறுவருடம், 1841இல், பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வயது 37.

பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கண்ணுக்கு என்ன நிறம் தீட்டினீர்கள், எதை நம்பித் தீட்டினீர்கள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.