கடுவன் பூனைக்கு சலம் அடைத்து எடுத்தாயிற்று. இனி என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

மலர் (வெள்ளவத்தை):
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கடுவனுக்கு ஐந்து வயது, ஐந்து கிலோவுக்கு மேல் நிறை, கருத்தடை செய்தது. தொடர்மாடி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. போன கிழமை அவனுக்குச் சலம் அடைத்து, கிளினிக்கில் கதீற்றர் (சலக்குழாய்க்குள் விடுகிற மெல்லிய குழாய்) போட்டு எடுத்தார்கள். சலத்தில் ஸ்ட்ரூவைட் என்ற வகைப் பளிங்குகள் நிறைய, பிஎச் (அமில, கார அளவு) 7.5. ஸ்கானில் சலப்பைக்குள் மணல் மாதிரித் தெரிந்தது, பெரிய கல் இல்லை.

வைத்தியர் சிறுநீர்க் கோளாறுக்கென்று வரும் சாப்பாட்டில் ஒரு பைக்கற் தந்து, இனி இது மட்டும்தான் என்றார். அவனோ மணந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். முன்பு கொடுத்த உலர்ந்த பூனைப் பிஸ்கட்டோடு கலந்து கொடுக்கலாமா? அம்மா, "அந்தக் காலத்தில் சோறும் அவித்த மீனும் சாப்பிட்ட பூனைக்கு இந்த வருத்தமெல்லாம் வந்ததா?" என்று கேட்கிறார். சந்தையில் சூடை மீன் வாங்கி அவித்துக் கொடுத்தால் சரிவருமா? அந்தப் பைக்கற்றின் விலையும் சாதாரணமில்லை.

இன்று காலையிலிருந்து மணற்பெட்டிக்கு அடிக்கடி போய் உட்காருகிறான். அதுவும் மனதில் இருக்கிறது.

ரமணி (தெகிவளை):
மலர், சாப்பாட்டுக் கதையைப் பிறகு பார்க்கலாம். உட்காரும்போது சலம் வருகிறதா இல்லையா? மணலைக் கிளறிப் பாருங்கள். ஈரக்கட்டி சின்னதாகவாவது இருந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஒன்றுமே வராமல் முக்கினாலோ, கத்தினாலோ, சத்தி எடுத்தாலோ, பின்பக்கத்தை விடாமல் நக்கினாலோ இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள். காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கடுவனின் சலக்குழாய் மிக ஒடுக்கமானது. முழுதாக அடைத்தால் ஓரிரு நாளிலேயே உயிர் போகக்கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், நிரம்பிய பை வெடிக்கக்கூடும். கதீற்றர் எடுத்த முதல் சில நாட்களில் திரும்ப அடைப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

செல்வா (கொட்டாஞ்சேனை):
எங்கள் பக்கம் நெருஞ்சி முள் அவித்த தண்ணீர் கொடுப்பார்கள். வாழைத்தண்டுச் சாறும் செவ்விளநீரும் சலத்தை இளக்கும். மனிதருக்கு நல்லதென்றால் பூனைக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

ரமணி:
செல்வா அண்ணா, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். அடைத்த பூனையின் உடம்பில் வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்பதும் அதே பொட்டாசியம்தான். தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது சலத்தைக் கூட்டுகிற எந்தக் கசாயமும் பையை இன்னும் வீங்க வைக்கும்.

மலர்:
மணலில் சின்னச் சின்ன ஈரக்கட்டிகள் இருந்தன. இருந்தாலும் பயத்தில் உடனே கொண்டுபோய்க் காட்டினேன். பை நிரம்பவில்லை, வழி திறந்திருக்கிறது, கதீற்றர் போட்ட புண்தான் எரிகிறது என்று நோவுக்கு மருந்து தந்தார்கள். இப்போது படுத்திருக்கிறான். ரமணி அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. இனி சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

கிருபா (மிருக வைத்தியசாலையில் வேலை):
நல்ல செய்தி. நான் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

பூனையின் சலத்தில் முக்கியமாக இரண்டு வகைக் கற்கள். ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அமோனியம், பொஸ்பேற் மூன்றும் சேர்ந்தது. சலம் செறிவாகவும் காரத்தன்மையாகவும் இருந்தால் உருவாகும். நாய்களில் இதற்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணம், பூனைகளில் பெரும்பாலும் கிருமியே இருக்காது. ஆகவே சாப்பாட்டாலேயே இதைக் கரைக்க முடியும். மற்றது கல்சியம் ஒக்சலேற். எந்தச் சாப்பாட்டாலும் அது கரையாது, வெளியே எடுக்கத்தான் வேண்டும். உங்களுக்கு வந்தது கரைகிற வகை.

வைத்தியர் தந்த சாப்பாட்டில் மக்னீசியமும் பொஸ்பரஸும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். சலத்தின் பிஎச் 6 முதல் 6.5 வரை வரும்படியும், பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்படியும் செய்திருப்பார்கள். ராயல் கேனின் யூரினரி எஸ்ஓ, ஹில்ஸ் சி/டி எல்லாம் இந்த வகைதான். இதோடு பழைய பிஸ்கட்டையும் மீனையும் நிரந்தரமாகக் கலந்தால் அந்தக் கணக்கே குழம்பிவிடும். காசு செலவழித்தும் பலன் இருக்காது. மாற்றும்போது மட்டும் ஒரு கிழமை, பத்து நாள் பழையதோடு கலந்து, பழையதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பட்டினி போட்டால் தானே சாப்பிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறை கூடிய பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு தேங்கி அது தனி ஆபத்தாகிவிடும். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தொடவில்லையென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தச் சாப்பாடு தின்னும்போது சலத்தை அமிலமாக்கும் மெதியோனின் குளிசை, விற்றமின் சி எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். 1980களில் பூனைகளுக்கு ஸ்ட்ரூவைட்தான் மிகக் கூடுதலாக வந்தது. கம்பனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, சலத்தை அமிலமாக்கும்படி சாப்பாட்டை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது, ஒக்சலேற் கூடியது. விற்றமின் சியில் ஒரு பங்கு உடம்பில் ஒக்சலேற்றாகவே மாறும். அமிலம் கூடக் கூட நல்லது என்று நினைப்பது பிழை.

அம்மாவின் கேள்விக்கு: சோறும் மீனும் மட்டும் என்றால் கல்சியம் போதாது, பொஸ்பரஸ் கூடும். அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் டோரின் என்ற சத்தும் அதோடு போய்விடும். டோரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்பது 1987-இல்தான் தெரியவந்தது. கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு. வீட்டுச் சமையல்தான் என்றால் வைத்தியர் கணக்குப் போட்டுத் தருகிற செய்முறைப்படி செய்யுங்கள்.

ரமணி:
கிருபா சொன்னதோடு தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பளிங்கு எந்த வகையானாலும், பளிங்கே இல்லாமல் பை எரிகிற வருத்தமானாலும், சலம் ஐதாக இருந்தால் பூனைக்கு நல்லது.

பூனைக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 50 மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். உங்கள் கடுவனுக்கு 250-க்கு மேல். பிஸ்கட்டில் பத்து வீதம் அளவில்தான் தண்ணீர், பவுச்சில் (சின்ன உறையில்) வருகிற ஈரச் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல். பிஸ்கட் மட்டும் தின்கிற பூனை கிண்ணத்தில் குடித்து அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டுவதில்லை. அதனால் வைத்தியரிடம் கேட்டு அதே மருந்துச் சாப்பாட்டை ஈரவகையில் வாங்குங்கள். ஒரு பவுச்சைக் கிண்ணத்தில் பிழிந்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி விட்டு, துண்டுகளை முள்ளுக்கரண்டியால் நசித்துக் குழையுங்கள். சூட்டில் மணம் கிளம்பும், முதலில் குழம்பை நக்கும், பிறகு துண்டுக்கு வரும். பழகியதும் தண்ணீரை இரண்டு, மூன்று கரண்டியாக்கலாம். ஈரமான சாப்பாட்டை எங்கள் வெக்கையில் நெடுநேரம் வைக்காதீர்கள். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்.

தண்ணீர்க் கிண்ணங்களை மணற்பெட்டியிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். கோழி அவித்த தண்ணீர் சொட்டு விட்டால் சில பூனைகள் விரும்பிக் குடிக்கும். அதில் உப்பு, வெங்காயம், உள்ளி இருக்கக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு.

செல்வா:
சரி, இளநீர் விஷயம் விளங்கியது, இனி யாருக்கும் சொல்லமாட்டேன். குழாய்த் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பால்தான் கல் வருகிறதா?

கிருபா:
கொழும்புக்குப் பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கடினமானதல்ல. போத்தல் தண்ணீருக்குச் செலவழிக்கிற காசை ஈரச் சாப்பாட்டில் போடுங்கள்.

மலர், ஒன்று கேட்கட்டுமா? வருத்தம் வருவதற்கு முன் வீட்டில் ஏதாவது மாறியதா? பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் சலக் கோளாறுக்குப் பெரும்பாலும் கல்லோ கிருமியோ காரணமாக இருப்பதில்லை. மன அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற சலப்பை அழற்சிதான் கூடுதல். அதுவும் அடைப்பைக் கொண்டுவரும்.

மலர்:
பக்கத்துக் காணியில் புதுக் கட்டிடத்துக்கு இரவு பகலாகத் துளைக்கிறார்கள். அவன் கட்டிலுக்கடியிலேயேதான் கிடந்தான். பெட்டியும் யன்னலோரம், சத்தம் வருகிற பக்கம்.

கிருபா:
அப்படியானால் பெட்டியை உள்ளறைக்கு மாற்றுங்கள், இன்னொன்றும் சேர்த்து வையுங்கள். ஒளிந்திருக்க ஒரு அட்டைப்பெட்டி, சாப்பாட்டுக்கு மாறாத நேரம். பட்டாசு வெடிக்கிற நாட்களிலும் இதே கவனம் வேண்டும்.

மலர்:
ஈரவகை கிடைத்துவிட்டது. தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன், கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டான்! மணலில் கட்டிகளும் பெரிதாக வருகின்றன. இந்தச் சாப்பாடு எவ்வளவு காலத்துக்கு?

கிருபா:
நல்லது, மனம் நிறைந்தது. ஸ்ட்ரூவைட் கரைய அநேகமாகச் சில கிழமைகள். ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் போன பிறகும் ஒரு மாதம் அளவு தொடரச் சொல்வார்கள். அப்புறம் இதையே தொடர்வதா, விலை குறைந்த ஈரச் சாப்பாட்டுக்கு மாறுவதா என்பதைச் சலத்தின் பிஎச்சையும் செறிவையும் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். நிறையையும் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குறைந்தால்கூட நல்லது.

பரிசோதனைக்குச் சலத்தை வீட்டில் பிடித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, காலி வீதி நெரிசலில் கொண்டுபோகாதீர்கள். ஆறிய சலத்தில் போத்தலுக்குள்ளேயே பளிங்கு உருவாகும், பிஎச்சும் மாறும். பூனையையே கொண்டுபோய் அங்கேயே எடுக்கச் சொல்லி, உடனே பார்க்கச் சொல்லுங்கள்.