‘ரீட்அவுட்’டுக்குத் ‘தரப்புரை’: மறுமொழிகளைப் படித்தபின்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ‘ரீட்அவுட்’ (readout) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘தரப்புரை’ என்று வைக்கலாம் என எழுதிப் போட்டேன். இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பதில் சொல்லும் முன், இந்தச் சொல் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மடலில் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

ஒரு நாட்டுத் தலைவர் வெளிநாடு போகிறார். அங்கே இன்னொரு தலைவரோடு மூடிய அறையில் பேசுகிறார். வெளியே காத்திருக்கும் நிருபர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. சற்று நேரத்தில் இரு அரசுகளும் தனித்தனியாக ஒன்றிரண்டு பக்கம் எழுதி வெளியிடுகின்றன: இன்னின்னது பேசினோம், இதை வலியுறுத்தினோம் என்று. அதுதான் ரீட்அவுட். ஒருவர் எழுதுவதற்கு மற்றவரின் ஒப்புதல் தேவையில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பல நேரம் அந்த விடுபடல்தான் செய்தியே. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘அறிக்கை’ என்று எழுதிவிடுகிறோம். எது இருவரும் ஒப்புக்கொண்டது, எது ஒருவர் மட்டும் சொல்வது என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2022 நவம்பரில் பாலியில் நடந்த ஜி-20 மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம் தேதி இரவு விருந்தில் மோதியும் ஷி ஜின்பிங்கும் கைகுலுக்கிச் சற்று நேரம் பேசியது கேமராவில் பதிவானது. மரியாதை நிமித்தமான பேச்சு என்றுதான் அப்போது இந்தியா சொன்னது. 2023 ஜூலையில் இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலும் சீனாவின் மூத்த வெளியுறவு அதிகாரி வாங் யீயும் ஜோகன்னஸ்பர்க்கில் சந்தித்தபின் சீனா வெளியிட்ட குறிப்பில், பாலியில் இரு தலைவர்களும் முக்கியமான கருத்தொற்றுமைக்கு வந்தார்கள் என்று இருந்தது. அதன் பிறகே, உறவைச் சீராக்க வேண்டியது பற்றியும் அன்று பேசப்பட்டது என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் சொன்னது. இடையில் எட்டு மாதம்.

அதற்கு அடுத்த மாதம், 2023 ஆகஸ்டில், பிரிக்ஸ் மாநாட்டில் இருவரும் பேசியபோதும் இதே கதை. மோதி கேட்டுக்கொண்டதால் நடந்த பேச்சு என்றது சீனக் குறிப்பு. சீனாவின் வேண்டுகோள்தான் நிலுவையில் இருந்தது என்றன இந்திய வட்டாரங்கள். இந்த இடத்தில் ‘சீனா அறிக்கை’ என்று மட்டும் எழுதினால் பாதி விஷயம் போய்விடுகிறது.

சரி, மறுமொழிகளுக்கு வருகிறேன்.

> கூட்டறிக்கை என்று நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இரண்டும் வேறு வேறு. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனதையே பாருங்கள். பயணத்தின் கடைசியில் ஷாங்காய்க் கூட்டறிக்கை வந்தது. அதில் அமெரிக்கா தன் கருத்தைத் தனியாகவும் சீனா தன் கருத்தைத் தனியாகவும் சொல்லியிருந்தாலும், முழு வாசகத்துக்கும் இருவரும் சம்மதித்திருந்தார்கள். ஆனால் 21ஆம் தேதி மாவோவை நிக்சன் சந்தித்தபோது நிருபர் யாரும் உள்ளே இல்லை. கூடப் போயிருந்த பெரிய அமெரிக்கச் செய்தியாளர் படைக்குக் கிடைத்தது சில வரிகளும் சீனர்கள் எடுத்த படங்களும்தான். அந்த அறையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க அதிகாரி வின்ஸ்டன் லார்டு வெளியான படங்களில் இல்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள். வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸையே சந்திப்புக்கு அழைத்துப்போகவில்லை, அவரைவிடப் பதவியில் சிறியவர் படத்தில் இருந்தால் சங்கடம் என்பதால், அமெரிக்கர்கள் கேட்டுச் செய்தது அது. அன்று வெளியே வந்ததைக் கூட்டறிக்கை என்று எப்படிச் சொல்ல முடியும்?

> ‘உரை’ என்றால் பேச்சு. இது எழுத்தில் வருவது.

கட்டுரை, முன்னுரை, அணிந்துரை எல்லாம் எழுத்துதானே? நீதிமன்றத்தில் பிரதிவாதி எழுத்தில் தாக்கல் செய்வதை ‘எதிருரை’ என்கிறோம். ஒரு தரப்பு தன் நிலையை எழுதிக் கொடுப்பதற்கு ‘உரை’ ஏற்கெனவே பழக்கப்பட்ட சொல்.

> தரப்பு தமிழே இல்லை, ‘தரஃப்’ என்பதிலிருந்து வந்தது. சார்புரை என்று வைக்கலாம்.

இந்த மறுமொழி என்னை நிறைய யோசிக்க வைத்தது. தரப்பு வெளியிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் ‘அரசுத் தரப்பு’, ‘எதிர்த்தரப்பு’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அது நம் வாயில் ஊறிவிட்டது. ‘சார்பு’ வைத்தால் ‘ஒருதலைச் சார்பு’ என்ற வாடை வந்துவிடும். ஓர் அரசு தன் பங்கைச் சொல்கிறது என்பதற்கு மேல் நாமே ஒரு தீர்ப்பு எழுதியதாக ஆகும். செய்திக்கு அது கூடாது. ‘பக்கவுரை’யும் எழுதிப் பார்த்தேன், புத்தகப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

‘சந்திப்புக் குறிப்பு’ என்று சகோதரி ஒருவர் சொன்னது அழகாக இருக்கிறது. எனக்கும் பிடித்தது. ஆனால் தலைவர்கள் தொலைபேசியில் பேசினாலும் ரீட்அவுட் வருகிறதே, அங்கே சந்திப்பு இல்லை. அதோடு, இது ஒருவர் எழுதியது என்பதையும் அந்தச் சொல் காட்டவில்லை.

‘சீனத் தரப்புரையில் இல்லாத ஒரு வரி இந்தியத் தரப்புரையில் இருந்தது.’ ‘இரு தரப்புரைகளும் ஒத்துப்போகவில்லை.’ இவற்றை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அதே பாலி மாநாட்டில் அன்றைய கனடாப் பிரதமர் ட்ரூடோவிடம் ஷி, நாம் பேசியதெல்லாம் பத்திரிகைக்குப் போய்விட்டது, அது முறையில்லை, பேச்சு நடந்த விதமும் அப்படியில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். கேமரா அதைப் பிடித்துவிட்டது. அவர் குறைப்பட்டது கனடா அதிகாரிகள் வாய்மொழியாக நிருபர்களிடம் சொன்னதைப் பற்றி. பெயர் போடாமல் சொல்லப்படும் அந்தத் தகவலைத் தரப்புரை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குத் தனிச்சொல் வேண்டும். உங்களில் யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்