பார்யே கையெழுத்துள்ள வெண்கலச் சிங்கம்: எந்தக் காலத்து வார்ப்பு என்று கண்டுபிடிப்பது எப்படி?

வேங்கை78:
19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விலங்குச் சிற்பி ஆந்துவான் லூயி பார்யேயின் 'நடக்கும் சிங்கம்' ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நீளம் 39 செ.மீ. பீடத்தின் மேல் பார்யே பெயர், வேறு முத்திரை எதுவும் இல்லை. "1840களில் அவர் பட்டறையிலேயே வார்த்தது" என்கிறார் விற்பவர். நேரில் பார்க்க அரை மணி நேரம்தான் தருவாராம். எதை முதலில் பார்க்கட்டும்?

மணல்அச்சு:
பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது மூல மாதிரியிலேயே இருப்பதால், அச்சு எடுக்கும்போது கூடவே வந்துவிடும். நகலுக்கு நகல் எடுத்தாலும் வரும். பார்யே 1875இல் இறந்தார். மறு ஆண்டே ஃபெர்தினான் பார்பெதியென் அவருடைய மாதிரிகள் பலவற்றை வாங்கி, தன் வார்ப்பகத்தில் தொடர்ந்து வார்த்தார். பார்பெதியென் பெயர் இருந்தால் அநேகமாக 1876க்குப் பிந்தியது. பெயர் இல்லாததால் மட்டும் அது 1840களுக்குப் போய்விடாது.

முதல் வேலை, கவிழ்த்துப் பார்ப்பது. நல்ல மணல் வார்ப்பில் (மணலில் அச்செடுத்து உலோகம் ஊற்றியது) சுவர் மெல்லிதாக, ஏறக்குறைய ஒரே கனத்தில் ஓடும். ஓரங்களில் அரம் ஓட்டிய தடம் இருக்கும். கனம் தாறுமாறாக இருந்து, காற்றுக்குமிழிப் பள்ளங்களும் நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். அடியில் உள்ள திருகாணியையும் பாருங்கள்: கூட்டல் குறித் தலையுள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

பிடரிமயிர்:
வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே உள்ள வெண்கலத்தின் மேல் அச்சு எடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுமார் 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். 39 செ.மீ.க்கு அது 6 முதல் 8 மி.மீ. அருங்காட்சியகத்தில் உள்ள அதே மாதிரியின் அளவை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்; இது அந்த அளவு சிறியதாக இருந்தால் நகலாக இருக்கலாம். பீடத்தை அளக்காதீர்கள், அதன் ஓரத்தை ராவியிருப்பார்கள். மூக்கு நுனியிலிருந்து பின்தொடை வரை அளவெடுங்கள்.

பிறகு லென்ஸ் வைத்து விரலிடுக்கையும் பிடரியையும் பாருங்கள். வார்த்தபின் உளியால் செதுக்கிய மயிர்க்கோடு கூர்மையாக நிற்கும். நகலில் அது சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கிப்போயிருக்கும். எழுத்தின் விளிம்பும் அப்படித்தான்.

துத்தம்:
முதலில் வெண்கலம்தானா என்று பாருங்கள்! துத்தநாகத்தில் வார்த்து வெண்கலப் பூச்சு கொடுத்ததும் அந்தக் காலத்தில் ஏராளம். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அடிப்பக்கத்தில் நூலளவு சுரண்டிப் பாருங்கள்: வெண்கலம் பொன்மஞ்சளாகத் தெரியும், துத்தநாகம் சாம்பல் வெள்ளையாக. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அந்தச் சோதனை வீண்.

மணல்அச்சு, திருகாணியை மட்டும் நம்ப முடியாது. பழைய சிற்பத்தைப் புதுப் பீடத்தில் பொருத்தியவர் மாற்றியிருக்கலாம்.

மணல்அச்சு:
சரிதான். மரையைச் சுற்றி உலோகம் புதிதாகப் பளபளத்தால் பின்னால் துளைத்தது. உள்பக்கமும் மரையும் ஒரே பழுப்பாக இருந்தால்தான் திருகாணியைக் கணக்கில் எடுங்கள்.

பிடரிமயிர்:
வாங்கினால் பித்தளை பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். அமிலமும் சூடும் கொடுத்து ஏற்றிய மேல்நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும், விலையும் அதோடு போகும். மெல்லிய மெழுகு போதும்.